முள்ளெலியின் மேல் நியாயமான அக்கறை

மென்னோ ட்யாடெனுக்குப் பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஜெர்மன் குழந்தைகள் மிட்டாய் கிடைக்காதபோதும், மழையில் வெளியே விடாதபோதும் காலைத் தரையில் உதைத்து இழுக்கிற சொல் அது: "மென்னோ...!" வடகடலோரத்து லேர் ஊர்ப்பக்கம் அது கௌரவமான பரம்பரைப் பெயர்தான். ஆனால் அந்த வட்டாரத்தைத் தாண்டிவிட்டால் சிணுங்கல். மனைவி கெஷெ பெட்டியோடு வாசலில் நின்று கடைசியாகச் சொன்னதும் "மென்னோ" என்றுதான். அது தன்னைக் கூப்பிட்டதா, அலுத்துக்கொண்டதா என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வேலை கடலணை அலுவலகத்தில். கடல் ஊருக்குள் வராமல் பார்த்துக்கொள்ளும் அலுவலகம். வாலிபத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்து தேய்ந்தவருக்கு, எதுவுமே உள்ளே வரக்கூடாது என்ற புத்தி படிந்துபோனதில் ஆச்சரியமில்லை. கடலாவது நேரம் சொல்லிவிட்டு வரும். இணையம் அப்படி இல்லை என்பதை அவர் கண்டுகொண்டது ஓர் இலையுதிர்காலத்து அணைக் கூட்டத்தில்.

ஆட்டுக்காரர்களும் விவசாயிகளும் அதிகாரிகளும் நிறைந்த கூடம். புயல் எச்சரிக்கையைக் காட்டுவதற்காக மென்னோ தன் கணினியைப் பெரிய திரையில் இணைத்து, வானிலைப் பக்கத்தைத் திறந்தார். இடதுபக்கம் அலையின் உயரம். வலதுபக்கம், அலையைவிட உயரமாக, மூலநோய்க்காரர்கள் உட்காருவதற்கான நடுவில் ஓட்டை போட்ட மெத்தைக்கு விளம்பரம். "மென்னோ, இன்னும் யோசிக்கிறீர்களா?" என்று கேட்கவில்லை என்பதுதான் குறை. எப்போதோ ஒருநாள், வேறு வழியில்லாத ஒருநாள், அவர் அதைத் தேடிப் பார்த்திருந்தார். அவ்வளவுதான். வாங்கக்கூட இல்லை.

அலையை யாரும் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெரிய பண்ணைக்காரர் பரிவோடு சொன்னார்: "உக்காந்துதான் பேசணும்னு இல்லப்பா மென்னோ. உனக்கு எப்படி வசதியோ அப்படிப் பேசு."

பின்னாலிருந்து இன்னொருவர்: "நடுவுல ஓட்டை இருந்தா அணைக்குத்தான் ஆகாது. மெத்தைக்கு நல்லதுதான்."

அன்று சாத்திய கதவை மென்னோ பிறகு திறக்கவே இல்லை. வாசல் மணியிலிருந்து தன் பெயரைப் பெயர்த்தெடுத்தார். தெருக்களைப் படமெடுத்துப் போடும் இணைய வரைபடத்துக்கு எழுதி, தன் வீட்டை மங்கலாக்க வைத்தார். அந்தத் தெருவில் மங்கலான வீடு அது ஒன்றுதான் என்பதால், பார்சல் கொண்டுவருகிறவர்களிலிருந்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்வரை எல்லாரும் தடுமாறாமல் வந்து சேர்ந்தார்கள். "அந்தப் பனிமூட்ட வீடுதானே?" என்று ஊருக்கே அடையாளம் ஆயிற்று.

இணையத்தில் அவர் நடத்திய போர் தனி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு பலகை குறுக்கே வந்து நிற்கும். உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம் என்று தொடங்கும். மதிப்பவன் எதற்கு வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான் என்பது மென்னோவின் கேள்வி. 'எல்லாம் சம்மதம்' என்ற பொத்தான் பச்சையாக, பழுத்த பூசணி அளவில் இருக்கும். 'வேண்டாம்' என்பது சாம்பல் நிறத்தில், குற்றம் செய்தவன் மாதிரி மூலையில் ஒண்டியிருக்கும். அதை அழுத்தினால் தீர்ந்ததா? 'எங்கள் பங்காளிகள்' என்று நூற்றுச் சொச்சம் பெயர் விரியும். பங்காளி என்றாலே சொத்தில் கை வைக்க வருகிறவன்தான் என்று நமக்குத் தெரியும்; ஜெர்மன்காரர் பாவம், வாசித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பங்காளிக்கும் எதிரே, 'உங்கள்மேல் நியாயமான அக்கறை' என்று ஒரு குறி ஏற்கெனவே போட்டிருக்கும். மென்னோ ஒவ்வொன்றாக அந்த அக்கறையை நீக்கிக்கொண்டே வருவார். கெஷெ போன பிறகு தன்மேல் இத்தனை பேருக்கு அக்கறை இருப்பது அவருக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாக இருந்தது.

அதோடு விடவில்லை. உலாவியை மூடினால் உள்ளே இருக்கும் குக்கி எல்லாம் தானாக அழியும்படி வைத்துவிட்டார். குக்கி என்றால் நீங்கள் யார், எப்போது வந்தீர்கள் என்று இணையப் பக்கம் நம் கணினியிலேயே எழுதிவைத்துவிட்டுப் போகிற சின்னக் குறிப்பு. நம் வீட்டுச் சுவரில் அடுத்தவன் எழுதிவைத்த பால் கணக்கு. தினமும் வெள்ளையடித்தார் மென்னோ. தினமும் புது மனிதராகப் புறப்பட்டார்.

இந்தப் புது மனிதர்தான் தேடாவிடம் மாட்டிக்கொண்டார்.

ஸ்காட் என்பது ஜெர்மன்காரர்களின் சீட்டாட்டம். மூன்று பேர் வேண்டும். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, இணையத்தில் ஸ்காட் ஆடுவது மென்னோவின் ஒரே கேளிக்கை. கணக்குத் தொடங்கினால் பெயரும் மின்னஞ்சலும் கேட்பார்கள் என்பதால், விருந்தாளியாகத்தான் நுழைவார். விருந்தாளிக்கு அந்தத் தளமே ஒரு பெயர் சூட்டும். ஒரு திங்கட்கிழமை அவருக்கு வாய்த்த பெயர் 'தூங்கும் முள்ளெலி'. எதிரே ஒரு பெண், நிஜப்பெயரில்: தேடா. மூன்றாவது ஆளாக இயந்திரம்.

தமிழில் அந்தப் பெயரைக் கேட்டால் எதையும் தேடாதவள் என்றுதான் நினைப்போம். அவளோ எந்நேரமும் எதையாவது தேடிக்கொண்டிருந்தாள்: கண்ணாடி, வண்டிச் சாவி, இயந்திரத்தைவிடக் கொஞ்சம் புத்தியுள்ள ஓர் எதிராளி. வடக்கே ஹூசும் ஊர்ப்பக்கத்தில் ஆட்டு வைத்தியர் ஒருவருக்கு உதவியாள். மேசையின் ஓரத்திலிருந்த பேச்சுப் பெட்டியில், ஆட்டத்துக்கு நடுவே விடாமல் எழுதுவாள்.

"பதினெட்டு?" என்று ஏலத்தைத் தொடங்கினாள்.

"இல்லை" என்றது முள்ளெலி.

ஆட்டம் முடிந்து சீட்டெல்லாம் விரிந்தபோது அவள் கொதித்தாள். "யோவ் முள்ளெலி! நாலு ஜாக்கியும் கையில வச்சுக்கிட்டா 'இல்லை'ன்னு சொன்னீங்க? மதில் கட்டுறீங்களா?"

நல்ல சீட்டை ஒளித்துக்கொண்டு ஏலம் கேட்காமல் ஒதுங்குவதை ஸ்காட்டில் மதில் கட்டுவது என்பார்கள். அது ஏமாற்றல்ல, ஆனால் விருந்தில் பாயசத்தை மறைத்துவைத்துக்கொள்வது மாதிரி ஒரு அற்பத்தனம். "கடலோரத்துக்காரன்ங்க. மதில் கட்டித்தான் பழக்கம்" என்று எழுதினார் மென்னோ. அடுத்த நிமிடம் பேச்சுப் பெட்டியில் வரிசையாகச் சிரிப்பு வந்தது.

கெஷெ கடைசியாக அவர் பேச்சுக்குச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். அணைமேல் மேயும் ஆடுகளின் குளம்படிதான் மண்ணை இறுக்கிக் காக்கிறது என்று அவர் சொன்னார். தாய் ஒதுக்கிய குட்டியொன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன், இப்போது கிடா ஆகியும் மந்தைக்குப் போகாமல் சமையலறை வாசலில் நின்று அதிகாரம் பண்ணுகிறது, அதனால் 'மேயர்' என்று பெயர் வைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னாள். "நாளைக்கும் வாங்க முள்ளெலி" என்றாள். "வராம?" என்றார் அவர். உலாவியை மூடினார். வெள்ளையடித்தாயிற்று.

மறுநாள் அவர் பெயர் 'சாம்பல் வளைக்கரடி'.

"மொய்ன், வளைக்கரடி" என்று கடலோரத்து வணக்கம் வைத்தாள் தேடா. "நேத்து இங்க ஒரு முள்ளெலி வந்தாரு. என்ன மனுஷன் தெரியுமா! இன்னைக்கு வர்றேன்னு சொன்னாரு, காணோம். எல்லாரும் ஒரு நாள் கூத்துதான்."

நான்தான் அது என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் தன்னைப் பற்றிய புகழ்ச்சியைத் தன் முகத்துக்கு நேரே, தான் இல்லாதபோது கேட்கும் வாய்ப்பு எத்தனை முறை வரும்? "அப்படி என்ன பெரிய மனுஷன்?" என்று கொக்கி போட்டார். அவள் சொன்னாள். அவர் கேட்டார். அன்று அதுவே போதுமாக இருந்தது. அடுத்த நாள் 'ஈர நீர்நாய்'. அன்றும் முள்ளெலிப் புராணம். முள்ளெலிமேல் அவருக்குப் பொறாமை வந்துவிட்டது.

"நீங்களும் மதில் கட்டுறீங்களே, நீர்நாய். முள்ளெலியும் இப்படித்தான்" என்றாள் தேடா.

"ஏன்னா அந்த முள்ளெலி நான்தான்."

"ஓகோ. நேத்து வந்த வளைக்கரடியும் மதில்தான் கட்டினாரு. அவரும் நீங்கதானோ?"

"ஆமா."

"இந்தக் கரையில இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் மதில்காரங்கதான்யா. அதை வச்சு எப்படி நம்புறது?"

மென்னோவுக்குக் கை பரபரத்தது. ஆதாரம் வேண்டும், அவ்வளவுதானே? "உங்க சமையலறை வாசல்ல மேயர் நிக்கிறாரு. புட்டிப்பால்ல வளர்த்தீங்க. அவர் அம்மா ஒதுக்கிட்டா. முந்தாநாள் உங்க மூக்குக்கண்ணாடி ரொட்டிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு."

தேடா சீட்டுப் போடுவதை நிறுத்தினாள்.

"அதை நான் முள்ளெலிகிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்று வந்தது. "நீங்க ஒட்டுக் கேட்டீங்களா? அடுத்தவங்க பேசினதை எடுத்துப் படிக்கிற ஆளா நீங்க? வெட்கமா இல்ல?"

"ஐயோ, இல்லைங்க..."

'இந்த மேசைக்கு உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை. உலாவியை மூடிவிட்டு, 'அவசரக் கொக்கு' ஆக அவர் திரும்பி வந்தபோது, மேசைக்குமேல் புதிதாக ஒரு வரி: 'விருந்தாளிகள் வேண்டாம். கணக்கு உள்ளவர்கள் மட்டும்.'

எவன் தன்னை வேவு பார்க்கிறான் என்று இத்தனை காலம் ஊரெல்லாம் மதில் எழுப்பியவரை, ஒரு பெண் வேவுகாரன் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனார். அக்காவின் பெயர் ஒக்கா. தமிழ் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம், அவளுக்கு வராது. ஊர் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசைக்காரி. தேநீர் ஊற்றினாள். கோப்பையில் கற்கண்டு, அதன்மேல் தேநீர், ஓரமாக ஒரு சொட்டுப் பாலாடை. கலக்கக் கூடாது. மென்னோ நடந்ததையெல்லாம் கொட்டினார். கொட்டக் கொட்ட அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும் அக்கா, வயிறு தாங்காது."

"கரண்டியைக் கோப்பைக்குள்ள போட்டியா? நீ போடாம நான் எப்படி நிறுத்துவேன்? வாயால 'வேணாம்'னு சொன்னா மரியாதைக்குச் சொல்றேன்னு எடுத்துக்குவாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் ஒக்கா. மென்னோ கரண்டியைப் போட்டார். "சரி, இப்ப சொல்லு. அந்தப் பொண்ணு கணக்கு தொடங்கச் சொல்றா. நீ தொடங்கு. இதுல என்ன கஷ்டம்?"

"என் பெயரைக் கேப்பாங்க. மின்னஞ்சல் கேப்பாங்க. பிறந்த வருஷம் கேப்பாங்க."

"உன் பெயரை அவளுக்குச் சொல்லணுமா வேணாமா?"

"அவளுக்குச் சொல்லலாம். அவங்களுக்கு எதுக்கு? அந்தப் பங்காளிக் கூட்டத்துக்கு எதுக்கு? வேணாம் வேணாம்னு தினமும் சொல்றேன், தினமும் மறுபடி கேக்கிறான்!"

"நீ வேணாம்னு சொன்னதை அவன் எங்கடா எழுதிவைப்பான்? அதுக்கும் ஒரு குக்கி வேணும். நீதான் தினமும் அதையும் சேர்த்து அழிக்கிறியே. உன்னை ஞாபகம் வச்சுக்காதேன்னு நீ சொன்னதை அவன் ஞாபகம் வச்சுக்கணும்னா, உன்னைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கத்தான் வேணும்."

மென்னோ எழுந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். "அக்கா! சட்டம் இருக்கு!"

"போச்சு" என்றாள் ஒக்கா.

இங்கேதான் அவர் ஒரு ஜெர்மன்காரர் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். உன்னிடம் என்னைப் பற்றி என்னென்ன தகவல் இருக்கிறது, எல்லாவற்றையும் கொடு என்று எந்த நிறுவனத்தையும் கேட்க அங்கே குடிமகனுக்கு உரிமை உண்டு. உலகத்தில் எல்லாரும் அதை, தங்களைப் பற்றி எழுதியதை அழிப்பதற்காகக் கேட்பார்கள். மென்னோ ஒரு பெண்ணிடம் காட்டுவதற்காகக் கேட்டார். முள்ளெலியும் வளைக்கரடியும் நீர்நாயும் ஒரே கணினியிலிருந்து, ஒரே சாப்பாட்டு மேசையிலிருந்து வந்த ஒரே ஆள்தான் என்று அந்தத் தளமே முத்திரை வைத்து ஒரு தாள் கொடுத்தால், தேடா நம்பித்தானே ஆகவேண்டும்? மின்னஞ்சலில் கேட்டால் மின்னஞ்சல் தெரிந்துவிடும். ஆகவே தபாலில், பதிவுத் தபாலில், கேட்டார்.

பதில் வருவதற்குள் மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. அதற்குள் அவர் எத்தனையோ விலங்குகளாக அந்தத் தளத்துக்குப் போய், தேடாவின் மேசையை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். அங்கே யார் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் மிகுந்த மரியாதையோடு இருந்தது. மதிப்பிற்குரிய திரு. ட்யாடென் அவர்களே, தங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம். தங்களைப் பற்றி எங்களிடம் எந்தத் தகவலும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தாங்கள் குறிப்பிடும் விலங்குகள் தங்களோடு தொடர்புடையவை என்பதற்கு எங்களிடம் ஆதாரமில்லை. இந்தக் கோரிக்கைக் கடிதம் மட்டும், தங்கள் பெயர் முகவரியோடு, சட்டப்படி எங்கள் கோப்பில் மூன்று ஆண்டுகள் பாதுகாக்கப்படும்.

மென்னோ அதை இரண்டு தடவை படித்தார். இத்தனை வருஷப் போரில் அவருக்கு முழு வெற்றி. அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. தாளைக் கசக்கி எறிந்தார். அது குப்பைக்கூடையில்கூட விழவில்லை.

தொலைபேசியில் ஒக்கா வெகுநேரம் சிரித்தாள். "சபாஷ்டா தம்பி. நீ பிறந்ததே யாருக்கும் தெரியல."

"சிரிக்காதே அக்கா. நான் என்ன பண்றது?"

"அந்தப் பொண்ணுக்கு முள்ளெலியைத்தானே பிடிக்கும்? அதுக்கு ஒரு பெயர் வை. எல்லாரும் அப்படித்தான்டா பண்றாங்க. பெயரைச் சொல்லுவாங்க. அப்புறம் நல்லபடியா இருப்பாங்க, இல்ல கஷ்டப்படுவாங்க."

சனிக்கிழமை மத்தியானம், வெளியே மழை. மென்னோ உலாவியைத் திறந்தார். தேடாவின் மேசையில் ஓர் இருக்கை காலியானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஆள் உட்கார்ந்தான். அவனும் எழுந்து போனான். மறுபடி காலி. 'கணக்குத் தொடங்கு' என்ற பொத்தானுக்குக் கை போனது. வழக்கம்போலப் பலகை குறுக்கே விழுந்தது. உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்.

சாம்பல் பொத்தானைத் தேடினார். அதற்குள் பங்காளிப் பட்டியல் விரியும். அக்கறைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிடுங்கி முடிக்கும்போது இருக்கை போயிருக்கும். வாழ்க்கையில் முதன்முறையாக மென்னோ ட்யாடென் அந்தப் பச்சைப் பூசணியை அழுத்தினார். எல்லாம் சம்மதம். மெத்தைக்காரனுக்கும் சம்மதம். போ.

பெயர் கேட்டது. 'மென்னோ' என்று அடித்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றது. ஜெர்மனியில் சிணுங்குகிறவர்களுக்கா பஞ்சம்? பல்லைக் கடித்துக்கொண்டு முழுப்பெயரையும் அடித்தார். மின்னஞ்சல் கொடுத்தார். பிறந்த வருஷம் கொடுத்தார். வேர்த்துவிட்டது. இருக்கை இன்னும் காலியாகவே இருந்தது. உட்கார்ந்தார்.

"மொய்ன்" என்றாள் தேடா. "மென்னோவா? இது பெயரா, அழுகையா?"

"பெயர்தாங்க."

"நிஜமா? நிஜப்பெயர்ல வந்தவரு இங்க நான் பார்த்து நீங்க ஒருத்தர்தான். பதினெட்டு?"

கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஜாக்கி, இரண்டு ஆஸ், மீதி குப்பை. ஆனால் இவ்வளவு கொடுத்துவிட்டு வந்த மனிதனுக்கு இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "சரி" என்றார். இருபது என்றாள். சரி என்றார். அவள் ஏற்ற ஏற்ற இவரும் ஏறினார். கடைசியில் ஏலம் இவர் தலையில் விழுந்தது. படுதோல்வி.

"அடேங்கப்பா!" என்றாள் தேடா. "இந்தக் கரையில மதில் கட்டாத ஆம்பளை ஒருத்தர் இருக்காரே!"

மென்னோவின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது. தான் யார் என்று காட்ட மிச்சமிருந்த ஒரே அடையாளத்தையும் இப்போது தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

அவள் எழுதிக்கொண்டே போனாள். "முன்ன ஒருத்தர் வந்தாரு. முள்ளெலின்னு பெயர். மகா கஞ்சன். நாலு ஜாக்கி இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டாரு. ஆனா பேச ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது. ஒரே ஒரு நாள்தான் வந்தாரு. அதுக்கப்புறம் எவனோ ஒருத்தன் நான்தான் முள்ளெலின்னு சொல்லிக்கிட்டு வந்தான். ஏமாத்துக்காரன். துரத்திவிட்டேன்."

மென்னோ 'அது' என்று அடித்தார். 'அது நா' என்று அடித்தார். போன தடவை என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தார். ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தார்.

"என்ன, எழுதிட்டே இருக்கீங்க, ஒண்ணும் வரல?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க. அவர் அவ்வளவு நல்லவரா?"

"நீங்களும் நல்லவராத்தான் தெரியறீங்க. அவர் அளவுக்கு இல்ல, தப்பா நினைக்காதீங்க. எங்கயாவது அவரைப் பார்த்தா, தேடா விசாரிச்சதா சொல்றீங்களா?"

"சொல்றேன்" என்று எழுதினார் மென்னோ.

"நாளைக்கு வருவீங்களா? இதே பெயர்ல?"

"இதே பெயர்லதான்."

"சரி, ஆடுங்க. உங்க முறை."